கோட்டை அரை மீற்றர் தள்ளிப் போடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு வணக்கம்.

தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பக்கம் ஓட வேண்டாம். பறங்கியரும் ஒல்லாந்தரும் கட்டிய கோட்டை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நான் சொல்வது கூடைப்பந்தாட்டத் திடலில் வளைத்துப் போட்டிருக்கும் மூன்று புள்ளிக் கோட்டை. அதற்கு வெளியே நின்று பந்தைக் கூடைக்குள் போட்டால் மூன்று புள்ளி, உள்ளே நின்று போட்டால் இரண்டு. இதைப் பற்றி எழுத வேண்டுமென்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டுதான் இருந்தேன், கடைக் கணக்கு, கல்யாணவீடு, செத்தவீடு என்று தள்ளித் தள்ளிப் போனது. கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த ஒரு வாசகர் கடிதம்தான் என்னை இருத்தி எழுத வைத்தது.

அந்த வாசகர் சொல்வது இதுதான்: இப்போது அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. ஆட்டம் பார்க்க முடியவில்லை, எல்லாரும் தூரத்தில் நின்று எறிகிறார்கள், உயரமான ஆட்கள் ரிங்குக்கு, அதாவது கூடை வளையத்துக்குக் கீழே நெஞ்சோடு நெஞ்சு முட்டி விளையாடிய காலம் போய்விட்டது, ரி-20 வந்து கிரிக்கெட்டைக் கெடுத்ததுபோல மூன்று புள்ளி வந்து கூடைப்பந்தைக் கெடுத்துவிட்டது. எங்கள் பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் கெடுகிறார்கள் என்று கடைசியில் ஒரு குட்டும் வைத்திருந்தார். அவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். நடுவில் வெட்டாமல் போட்டால் புண்ணியம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெரிய வீரன் ஒன்றுமில்லை. 80களின் கடைசியில் பள்ளிக்கூட அணியில் எட்டாவது ஆள், அதாவது வாங்கில் இருந்து தண்ணீர்ப் போத்தல் நீட்டுகிற ஆள். இப்போது கொக்குவிலில் ஹாட்வெயார் கடை. பின்னேரங்களில் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத் திடலில் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணித்தியாலம் பந்து பழக்குகிறேன். சம்பளம் இல்லை, அதனால் யாருக்கும் பயமும் இல்லை.

நாங்கள் விளையாடிய காலத்தில் எங்கள் திடலில் அந்தக் கோடே கிடையாது. எங்கே நின்று போட்டாலும் இரண்டு. ஆகவே கோச் சொன்னது ஒன்றுதான்: கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ. தூரத்தில் நின்று எறிந்தவனுக்கு அடுத்த ஐந்து நிமிடம் வாங்குதான். 90இல் போரால் மின்சாரம் போனது. ஜோர்டான் என்ற ஒருவர் அமெரிக்காவில் ஆறு முறை கிண்ணம் வென்ற காலம் முழுக்க நாங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் விளையாடியதை நான் கண்ணால் பார்த்தது 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 பாதை திறந்த பிறகு, ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்த வீடியோ கசற்றில்தான்.

அந்தக் கசற்றுகளில் ஷகீல் ஓனீலும் இருந்தார். மலை போன்ற மனிதர். பந்தை ரிங்குக்குக் கீழே அவரிடம் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் சும்மா நின்று பார்ப்பார்கள், அவர் முதுகால் இடித்து இடித்து உள்ளே போய்ப் போட்டுவிட்டு வருவார். தன் முழு விளையாட்டு வாழ்க்கையிலும் அவர் போட்ட மூன்று புள்ளி எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. அப்போது அதை யாரும் குறையாக எடுக்கவில்லை. உயரத்தின் மதிப்பை யாழ்ப்பாணத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையுமில்லை, வலைப்பந்தாட்டத்தில் எங்கள் தர்ஜினி சிவலிங்கம் வட்டத்துக்குள் நின்று கையைத் தூக்கினால் எதிரணி என்ன பாடுபட்டது என்று ஆசியா முழுக்கப் பார்த்ததுதானே. வலைப்பந்தில் அந்த வட்டத்துக்கு வெளியே நின்று கோல் போடவே முடியாது, சட்டமே அப்படி. கூடைப்பந்தில் கிழவர்கள் யாரோ சட்டத்தை மாற்றினார்கள், அங்கேதான் கதை தொடங்குகிறது.

1979இல்தான் என்.பி.ஏ. இந்தக் கோட்டைப் போட்டது. அதற்கு முன்பே போட்டி லீக்குகள் ஒன்றிரண்டு 60களில் கூட்டம் சேர்க்க இதைப் பரீட்சித்துப் பார்த்திருந்தன. என்.பி.ஏ.யின் முதல் மூன்று புள்ளியை 1979 ஒக்டோபர் 12ஆம் திகதி பொஸ்ரன் செல்ரிக்ஸின் கிறிஸ் போர்ட் போட்டார் என்பது பதிவு. போட்டார், சரி, பிறகு? பிறகு ஒன்றுமில்லை. அந்தப் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று தடவைகூட அங்கிருந்து எறியவில்லை. சந்தியில் புதிதாகத் திறந்த கடையை ஊர்ச்சனம் பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நேரம் முடியப்போகும்போது, வேறு வழி இல்லாதபோது எறிகிற எறி என்றுதான் கோச்மார் நினைத்தார்கள். சர்வதேச சம்மேளனம் 1984இல் 6.25 மீற்றரில் இதே கோட்டைப் போட்டது. இந்த 6.25 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவும், கடிதத்தின் கடைசியில் வேண்டும்.

இன்றைக்கு? 2012-13 பருவத்தில் ஓர் அணிக்கு ஆட்டமொன்றில் 20 எறிதல் அளவில் வந்தது. 2024-25இல் 37ஐத் தாண்டிவிட்டது. 33 வருடத்தில் மூன்றிலிருந்து இருபது, அடுத்த பன்னிரண்டு வருடத்தில் இருபதிலிருந்து முப்பத்தேழு.

இதற்குக் காரணம் கெட்டித்தனம் என்பதைவிடக் கணக்கு என்றுதான் சொல்வேன். கணக்கும் பெரிய கணக்கில்லை, திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் விற்கிற ஆச்சி வாயாலேயே போடுவார். கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று நூறு தடவை எறிந்தால், நல்ல ஆளுக்கு நாற்பது விழும், நாற்பது இரண்டு எண்பது. ஓரடி பின்னால் போய் நூறு தடவை எறிந்தால் முப்பத்தாறு விழும், முப்பத்தாறு மூன்று நூற்றியெட்டு. ஓரடி பின்னால் போனதற்கு இருபத்தெட்டுப் புள்ளி இலாபம்! இந்தக் கணக்கு 1979இலும் இருந்ததுதான். ஆனால் கூலிக்கு விளையாடும் மனிதர்களுக்கும் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அப்பன் போட்ட மாதிரித்தான் மகனும் போடுவான். 2013-14இல் எல்லா அரங்குகளிலும் கமராக்களைப் பூட்டி ஒவ்வோர் எறிதலையும் எண்ணத் தொடங்கிய பிறகு, நடுத்தூர எறிதல் எவ்வளவு நட்டம் என்பது இன்னும் தெளிவாகக் கண்ணெதிரே தாளில் வந்தது.

அதோடு மூலையின் இரகசியம். என்.பி.ஏ. திடலில் கோடு நடுவில் 7.24 மீற்றர், ஆனால் பக்கக் கோட்டோடு ஒட்டிய மூலையில் 6.70 மீற்றர்தான், திடலின் அகலம் போதாததால் அங்கே கோடு நேராக வெட்டப்பட்டிருக்கிறது. அரை மீற்றர் கிட்ட, ஆனால் புள்ளி அதே மூன்று. ஒவ்வோர் அணியிலும் ஓராள் இரண்டு ஆள் மூலையில் போய்த் தூண் மாதிரி நிற்பது ஏன் என்று சிலர் கேட்பார்கள். அங்கே மலிவு விலையில் மூன்று விற்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வாசகருக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்தக் கணக்கை அல்ல, அவருக்கும் அது தெரிந்திருக்கும். மூலையில் நிற்கிற அந்தத் தூண் பந்தைத் தொடாமலே என்ன செய்கிறான் என்பதைத்தான் அவர் கவனிக்கவில்லை. கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இது உடனே விளங்கும். தட்டை மறித்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். நீங்கள் தனியாக அவனை ஏமாற்றிக் கடப்பது கஷ்டம். ஆனால் கெட்டிக்காரன் ஒருவன் கோட்டின் ஒரு தொங்கலில் நின்று காலை வைப்பதுபோல வைத்து எடுத்து ஆட்டம் காட்டினால், மறிக்கிறவன் அந்தப் பக்கம் இழுபடுவான், மற்றத் தொங்கலால் இரண்டு பேர் சத்தமில்லாமல் கடந்து போய்விடுவார்கள். கடைசியில் பழமாகித் திரும்புகிறவனுக்குத்தான் கைதட்டல், ஆட்டம் காட்டியவனை யாரும் பேசுவதில்லை. ஆனால் அவன் இல்லாவிட்டால் ஒருவரும் கடந்திருக்க மாட்டார்கள்.

நெடுந்தூர எறிதல் கூடைப்பந்தில் செய்தது இதைத்தான். முன்பு பத்துப் பேரில் எட்டுப் பேர் ரிங்குக்குக் கீழே சந்தைக் கூட்டம்போல நின்றார்கள், ஒருவன் பந்தோடு உள்ளே போனால் மூன்று பேரின் கை முகத்தில் அடிக்கும். இப்போது ஐந்து பேரும் எறியக்கூடியவர்கள் என்றால், ஐந்து பேரைக் காவல் காப்பவர்களும் வெளியே வந்தேயாக வேண்டும். வராமல் விட்டால் மூன்று. வந்தால் நடு முற்றம் வெறுமை. அந்த வெறுமையால்தான் இன்றைக்கு ஆறடிப் பையன் ஒருவன் ஏழடி மனிதர்களுக்கு நடுவே ஓடிப் போய், ரிங்குக்குக் கிட்டத் துள்ளிப் போடுகிற லே-அப் போட்டுவிட்டு வருகிறான். அந்த வாசகர் 'தூர எறிதல்' என்று திட்டுகிறார், ஆனால் அவர் ரசிக்கிற வெட்டு, ஓட்டம், கண் பார்க்காமல் கொடுக்கிற பாஸ் எல்லாவற்றுக்கும் வாசலைத் திறந்து விட்டது அதுதான்.

ஸ்டெபன் கறியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. (பெயரைக் கேட்டு என் அம்மா "மரக்கறியோ மச்சக்கறியோ" என்று கேட்டார்.) உயரம் 188 சென்ரிமீற்றர், எங்கள் ஊரில் உயரம்தான், அங்கே கட்டை. 2012-13இல் ஒரு பருவத்தில் 272 மூன்றுகள் போட்டுச் சாதனை படைத்தார். அதைத் தானே முறித்து 286 ஆக்கினார். அடுத்த வருடமே 402. சாதனையை முறிப்பது வேறு, அதன் வீட்டைப் பிரித்துக் கூரையையும் கழற்றிக்கொண்டு போவது வேறு. 2016 பெப்ரவரியில் ஒக்லஹோமாவில் ஆட்டம் முடிகிற நொடியில் பதினொரு மீற்றருக்கு அப்பாலிருந்து எறிந்து வென்றார். அந்தக் காணொளியைக் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்து எத்தனை தடவை பார்த்திருப்பேனோ, ஒருமுறை ஒருவருக்கு ஒரு கிலோ ஆணிக்குப் பதிலாக இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்துவிட்டேன். 2021 டிசம்பரில் றே அலனின் 2,973 என்ற வாழ்நாள் சாதனையைக் கடந்தார், 2025 மார்ச்சில் 4,000. 2024 பரிஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் பிரான்ஸ் கிட்ட வந்துகொண்டிருந்தபோது கடைசி மூன்று நிமிடத்துக்குள் நாலு மூன்றுகள், மொத்தம் எட்டு. பாவம் அந்தப் பிரெஞ்சுப் பிள்ளைகள், சொந்த ஊரில், சொந்தச் சனத்துக்கு முன்னால்.

கறி செய்தது எறிந்தது மட்டும் என்று நினைத்தால் தவறு. கோட்டுக்கு இரண்டு மீற்றர் பின்னால் அவர் பந்தை எடுத்தாலே இரண்டு பேர் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் வந்தால் மற்றப் பக்கம் நாலுக்கு மூன்று. அவருடைய கோல்டன் ஸ்டேட் அணி 2015இலிருந்து நாலு கிண்ணம் எடுத்ததன் பாதி அதில்தான்.

உயர ஆட்கள் இல்லாமல் போகவும் இல்லை, மாறினார்கள். புரூக் லோபஸ் என்று ஏழடிக்காரர் ஒருவர். முதல் எட்டுப் பருவத்தில் அவர் போட்ட மூன்று புள்ளிகள் மொத்தமே மூன்று. ஒன்பதாவது பருவத்தில், 2016-17இல், 134 போட்டார். இருபத்தெட்டு வயதில் தொழிலைப் புதிதாகப் படித்திருக்கிறார். நாற்பது வருடம் ஓலைக்கூரை வேய்ந்தவர் ஓடு போடப் பழகுவதுபோல. அது எனக்கு ஷகீல் ஓனீலின் இடியைவிடப் பெரிதாகத் தெரிகிறது, யார் என்ன சொன்னாலும்.

சரி, அந்த வாசகரின் பாதிக்கு வருகிறேன். எல்லா அணியும் ஒரே கணக்குப் புத்தகத்தைப் படித்தால் எல்லா ஆட்டமும் ஒரே மாதிரித்தான் வரும், அது உண்மை. ஹூஸ்ரன் ரொக்கெற்ஸ் 2017-18இல் இரண்டு புள்ளிக்கு எறிந்ததைவிட மூன்று புள்ளிக்கு எறிந்தது அதிகம், என்.பி.ஏ. வரலாற்றில் அதுவரை எந்த அணியும் அப்படிச் செய்ததில்லை. அவ்வருடம் மேற்குப் பிரிவு இறுதியில் ஏழாவது ஆட்டம், வென்றால் கிண்ணத்துக்கான மேடை. தொடர்ந்து 27 மூன்றுகள் தவறின. இருபத்தேழு! ஒன்று தவறுகிறது, அடுத்தது விழும் என்று எறிகிறார்கள், அதுவும் தவறுகிறது. மொத்தம் 44இல் 7. உள்ளே போய் ஒரு லே-அப் போடுங்களேன் என்று நான் இங்கே விடியற்காலையில் போனைப் பார்த்துக் கத்தினேன், யாருக்குக் கேட்கும். கணக்கில் அவர்கள் பிழை விடவில்லை என்றுகூட ஒருவர் வாதிடலாம், நூறு ஆட்டத்தில் சரிவருகிற கணக்கு ஓர் இரவில் சரிவர வேண்டுமென்று கட்டாயமில்லை. ஆனால் பார்க்கிறவனுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை, லொத்தர் சீட்டுச் சுரண்டுவதுபோல இருந்தது.

இதற்கு எதிர்க்கதையும் உண்டு. 2019இல் கனடாவின் ரொறன்ரோ ரப்ரர்ஸ் அணி என்.பி.ஏ. கிண்ணம் எடுத்தபோது ஸ்காபறோவில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர் பாதிப்பேர் தெருவில் நின்றார்கள், மச்சான் அனுப்பிய படத்தில் அவர் வேட்டியோடு நிற்கிறார், மேலே ரப்ரர்ஸ் ரீ-சேட். அந்த ஓட்டத்தில் அவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்கிற எறி, பிலடெல்பியாவுக்கு எதிராக ஏழாவது ஆட்டத்தில் 90-90 என்று நிற்கும்போது கவாய் லெனார்ட் மூலையிலிருந்து எறிந்தது. மணி அடித்துவிட்டது, பந்து ரிங்கில் நாலு தரம் துள்ளித் துள்ளி விழுந்தது. முடிவு 92-90. கவனித்தீர்களா, 92. அது இரண்டு புள்ளி எறி! கணக்குப் பிள்ளைகள் 'நட்டம், நட்டம்' என்று தலையில் அடித்துக்கொள்கிற அதே தூர இரண்டு. 2025இல் கிண்ணம் எடுத்த ஒக்லஹோமா அணியின் ஷேய் கில்ஜஸ்-அலெக்சாண்டரும் கனடாக்காரர்தான், நடுத்தூரத்தில் நின்று போடுவதில்தான் அவர் பெரிய ஆள். ஆக நடுத்தூரம் செத்துவிட்டது என்று யாரும் எட்டுச்செலவு வைக்க வேண்டாம். எல்லாரும் வெளியே காவலுக்குப் போய்விட்டால் நடுவில் யார் இருக்கிறார்கள்? அங்கே போய்ப் போடத் தெரிந்தவனுக்கு இப்போது இன்னும் இலேசு.

அடுத்தது, எங்கள் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்ற குட்டு. இதில் எனக்குக் கோபம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் பிள்ளைகள்மேல் இல்லை.

பின்னேரம் நாலரைக்கு வந்து பாருங்கள். பதின்மூன்று வயதுப் பொடியன், முழங்கைக்கு மேலே சதை என்று ஒன்றில்லை, கோட்டுக்குப் பின்னால் போய் நிற்கிறான். பந்தை இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் கிணற்றிலிருந்து வாளியை எடுத்து வீசுவதுபோல வீசுகிறான். பந்து தட்டையாகப் போய் ரிங்கின் முன்பக்கத்தில் 'டங்' என்று அடித்து அவனிடமே வருகிறது. "கறி சொட் சேர்" என்கிறான். சோளகம் வீசுகிற மாதங்களில் இன்னும் மோசம், திறந்த திடல், காற்று பந்தைப் பக்கத்து வளவுக்குள் கொண்டுபோய்ப் போடும், அந்த வீட்டு ஐயா இரண்டு பந்து இன்னும் திருப்பித் தரவில்லை.

ஏசி வேலையில்லை. நான் ரிங்கின் அளவை நிலத்தில் சோக்கால் வட்டமாகக் கீறிக் காட்டுவேன், 45 சென்ரிமீற்றர். பந்தின் குறுக்களவு 24. நேர் மேலிருந்து விழுகிற பந்துக்கு வாசல் முழுதாக 45. சாய்ந்து 45 பாகையில் வந்தால் வாசல் 32க்கு ஒடுங்கும். 30 பாகையில் தட்டையாக வந்தால் 22 சொச்சம்தான். "24 சென்ரிமீற்றர் பந்து 22 சென்ரிமீற்றர் வாசலுக்குள்ளால எப்படியடா போகும்?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைக்கும் விளங்கும், கணக்குப் பாடத்தில் கோட்டைவிடுகிற பிள்ளைக்கும். பந்து உயர வளைந்து போக வேண்டும், உயர வளைக்கப் பலம் காலிலிருந்து வரவேண்டும், அதைப் பழக இரண்டு மீற்றரில் தொடங்கி ஒவ்வோரடியாகப் பின்னால் போக வேண்டும். கறி அந்த இடத்துக்கு இப்படித்தான் போயிருக்கிறார், அவருடைய அப்பாவும் என்.பி.ஏ.யில் நல்ல எறியாளர். பிள்ளைகள் பார்ப்பது கடைசி அடியை மட்டும். அதற்குப் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியுமா?

பெண்பிள்ளைகளுக்கு இன்னும் அநியாயம். அவர்களுக்கு உரிய பந்து 6ஆம் இலக்கம், சிறியது, பாரமும் குறைவு. பெரும்பாலான நாட்களில் கையில் இருப்பது ஆண்கள் விளையாடுகிற 7ஆம் இலக்கம். பெரிய பந்தைக் கொடுத்துவிட்டு "பிள்ளையள் தூரத்திலயிருந்து போடுறாளவையில்லை" என்று சொல்வது, எட்டாம் நம்பர் செருப்பைப் போட்டுவிட்டு ஓட்டப் போட்டிக்கு அனுப்புவதுபோல.

இப்போது 6.25க்கு வருகிறேன்.

சர்வதேசச் சம்மேளனம் 2010இல் அந்தக் கோட்டை 6.75க்குத் தள்ளிவிட்டது. பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. நாங்கள் பழகுகிற திடலில் கோடு இன்னும் 6.25. பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், இது ஒரு பள்ளிக்கூடத்தின் கதையும் இல்லை, பழைய கோட்டோடு வேறு திடல்களையும் பார்த்திருக்கிறேன். நான் அளக்காமல் சொல்கிறவன் இல்லை. கடையிலிருந்து மேசன்மார் வாங்குகிற அளவு ரேப்பையும் தூக்குக்குண்டையும் கொண்டுபோய், ஏணி வைத்து ரிங்கின் நடுவிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, அது தொட்ட இடத்தில் ஆணி அடித்து, இரண்டு பொடியன்கள் ரேப்பை இழுத்துப் பிடிக்க அளந்தோம். 6.25, எங்கு அளந்தாலும் ஒரு சென்ரிமீற்றர் பிசகில்லை. அந்தக் காலத்தில் போட்ட மேசன் யாரோ, நேர்மையான மனிசன். (ரிங் மட்டும் 3.05க்கு மூன்று சென்ரிமீற்றர் குறைவு, நிலத்துக்குப் பிறகு பூசிய சீமெந்தின் வேலை அது. அதை இன்னொரு கடிதத்தில்.)

அரை மீற்றர்தானே என்று கேட்பீர்கள். போன வருடம் எங்கள் பொடியன்கள் கொழும்புக்கு ஓர் ஆட்டத்துக்குப் போனார்கள். இரவு பஸ், காலை ஆட்டம். கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளி பின்னால். எங்கள் ஆளுக்குப் பந்து வந்தது, மூலைக்குக் கொஞ்சம் மேலே, அவன் ஆயிரம் தடவை நின்று எறிந்த அதே தூரம். கோட்டைக் குனிந்து பார்க்கிற வயதும் நேரமும் இல்லை, ரிங் எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்பதைக் கால் அறியும், கால் போய் நின்றது. எறிந்தான். வலைச் சத்தம் மட்டும், ரிங்கில் படவேயில்லை. வாங்கிலிருந்த எல்லாரும் எழும்பிவிட்டோம். நடுவர் இரண்டு விரலைக் காட்டினார். கோட்டுக்கு நல்லாய் உள்ளே நின்றிருக்கிறான். சமநிலை, மேலதிக நேரம், அதில் தோல்வி. நடுவர் செய்தது சரி. திரும்பி வரும்போது மதவாச்சி தாண்டும்வரை அவன் ஒருவரோடும் பேசவில்லை, பிறகு மெதுவாகக் கேட்டான், "சேர், எங்கட கோடு பிழையோ?" நான் என்ன சொல்ல?

வந்த கிழமையே கடிதம் கொடுத்தோம். பெயின்ற் எங்களுடையது, வேலையும் எங்களுடையது, அனுமதி மட்டும் தாருங்கள் என்று. மேலிடத்தில் கேட்க வேண்டுமாம். மேலிடத்துக்கு இன்னொரு கடிதம். திடலில் எதையும் மாற்றுவதென்றால் மதிப்பீடு வேண்டுமாம். என்ன மதிப்பீடு? வெள்ளைப் பெயின்ற் நாலு லீற்றர், இரண்டு பிறஸ், ஒரு சனிக்கிழமை. பழைய கோட்டை அழிக்கச் சாம்பல் நிறத்தில் இன்னும் கொஞ்சம். மூலையில் பக்கக் கோட்டிலிருந்து 90 சென்ரிமீற்றர் விட்டு நேர்க்கோடு, பிறகு 6.75இல் வளைவு. வரைபடத்தைக்கூடக் கீறிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த விளையாட்டு எங்களுக்கு எங்கிருந்தோ வந்தது என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதற்கும் ஒரு சொல். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடையைத் தொங்கவிட்டு இதைத் தொடங்கியது அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில். மானிப்பாயில் வைத்தியசாலை வைத்துத் தமிழில் வைத்தியம் படிப்பித்த கிறீன் வைத்தியர் அதே மாநிலத்துக்காரர், நெய்ஸ்மித்துக்கு நாற்பது வருடம் முந்தியே இங்கே இருந்தவர். மசச்சூசெற்ஸ் எங்களுக்கு அந்நியமான பெயரில்லை என்று சொல்ல வந்தேன், அவ்வளவுதான்.

அந்த வாசகரை நான் ஒருநாள் பின்னேரம் திடலுக்குக் கூப்பிடுகிறேன். வெறுங்கோபமாய் இல்லை, உண்மையாகத்தான். வந்தால் ஒரு பிளேன்ரீயும் வடையும் என் செலவு. இப்போதைக்கு நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் சுண்ணாம்புத் தூளால் 6.75 கோட்டைக் கீறிவிட்டு விளையாடுகிறோம். சனி ஞாயிறு பிள்ளைகளின் காலில் பாதி போய்விடும், மழை வந்தால் முழுதும் போய்விடும், அடுத்த வெள்ளி திரும்பக் கீறுவோம். அந்தப் பொடியன்தான் ஆணியில் கயிற்றைக் கட்டி வளைவு கீறுகிறவன். தும்புக் கயிறு இழுபடும் என்று நான் சொல்லத் தேவையில்லை, அவனே கம்பி வேண்டுமென்று கேட்டு வாங்கினான்.

நாலு லீற்றர் பெயின்ற் கடையில் மூன்றாம் தட்டில் இருக்கிறது. விற்பனைக்கு இல்லை என்று மூடியில் எழுதி வைத்திருக்கிறேன். அனுமதி தரவேண்டியவர் இந்தக் கடிதத்தை வாசித்தால், சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே நாங்கள் தயார்.

இப்படிக்கு,
எட்டாவது ஆள்,
கொக்குவில்.